ஒரு லயம் எத்தனை வீடு? கணினி மாதிரிகளின் வகைப்படுத்தலும் மலையகத்தின் உட்கட்டமைப்பும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தால், தேயிலை மலைகளுக்கு நடுவே நீளமான தகரக் கூரைகள் தெரியும். ஒரு கூரையின் கீழ் ஆறு காம்பராக்கள் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம். சில லயங்களில் முன்னுக்கும் பின்னுக்குமாக இரட்டை வரிசை. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம், சிலவற்றில் இரண்டு.

இது எத்தனை கட்டடம்? எத்தனை வீடு?

தோட்டத்து வரைபடத்தில் இது ஒரு சிறிய செவ்வகம். சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு காம்பராவும் ஒரு வீட்டு அலகு. வகை என்ற இடத்தில் ‘வரிசை வீடு அல்லது லயன் அறை’ என்று வரும். தபாற்காரரைப் பொறுத்தவரை அங்கே வீடே இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். காணிப் பதிவகத்தில் அது பெருந்தோட்டக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்ட அரச காணியின் ஒரு மூலை. அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அது ‘எங்க வீடு’.

ஒரே சுவர், ஒரே கூரை. பார்ப்பவரைப் பொறுத்து ஐந்து வகை. எந்த வகையில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கடிதம் வருவதும் நட்டஈடு கிடைப்பதும் இருக்கிறது. பொருட்களை வகைப்படுத்துவது என்ற விடயம் பொறியியலாளர்களின் அலுவலக வேலை போலத் தெரிந்தாலும், மலையகத்தில் அது மக்களின் இருப்போடு சம்பந்தப்பட்டது. வடக்கு கிழக்கில் போருக்குப் பின் வீட்டுத்திட்டப் படிவங்களோடு அலைந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கணினிக்குள் ஒரு கட்டடம்

ஆங்கிலச் சுருக்கத்தில் பிஐஎம் என்றும், வாய்ப்பேச்சில் ‘பிம்’ என்றும் சொல்லப்படுவது கட்டடத் தகவல் மாதிரி. சிங்களத்தில் பிம் என்றால் நிலம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் நடக்கும் ‘பிம் சவிய’ காணிப் பதிவுத் திட்டம் எங்கள் வாசகர்கள் பலருக்கும் தெரியும். இரண்டு பிம்முக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மற்றதில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பழைய வரைபடத்தில் கதவு என்பது சில கோடுகள். கட்டடத் தகவல் மாதிரியில் கதவு ஒரு பொருள். அது என்ன வகை, எந்தச் சுவரில் இருக்கிறது, எந்த அறைக்குத் திறக்கிறது, எதனால் செய்தது, எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்ற விபரங்கள் அதனுடன் ஒட்டியிருக்கும். கட்டி முடித்தபின் பராமரிப்பவருக்கும் அதே கோப்பு கைமாறும். பிரித்தானியா 2016 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் கட்டுமான வேலைகளுக்கு இந்த முறையைக் கட்டாயமாக்கியது. வளைகுடா நாடுகளின் பெரிய வேலைத்தளங்களில் இது இல்லாமல் எதுவும் நகர்வதில்லை. அங்கே கணினியின் முன் இருக்கும் இளைஞர்களில் மலையகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஊடகக் கற்கை படித்த எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தவரும் அப்படி ஒருவர்தான். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நண்பர், கட்டாரில் வேலை. விடுமுறையில் வந்தபோது மடிக்கணினியைத் திறந்து ஒரு நிலையக் கட்டடத்தின் மாதிரியைக் காட்டினார். ஒரு சிறிய ஆணியைத் தொட்டார். பக்கத்தில் அதன் அடையாளக் குறி விழுந்தது: 22 எழுத்துகள். “உலகத்துல இன்னொரு சாமானுக்கு இந்தக் குறி வராது மச்சான். இந்த ஆணிக்கு அட்ரஸ் இருக்கு. எங்க அம்மாவுக்கு இன்னும் தோட்ட ஆபீஸ்தான் அட்ரஸ்” என்றார்.

மாதிரியில் எந்தப் பொருளை வைத்தாலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒன்று, இது எதன் பகுதி? நிலத்துக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் மாடி, மாடிக்குள் அறை, அறைக்குள் கதவு என்று போகும் ஒழுங்கு அது. மற்றது, இது என்ன வகை? கதவா, ஜன்னலா, தூணா? முதலாவது குடும்ப மரம் போன்றது, இரண்டாவது சாதிப்பெயர் போன்றது என்று என் நண்பர் சொன்னார். உவமை கசப்பானது, ஆனால் சரியாகப் புரிந்தது.

இந்த இரண்டுக்கும் பொதுமொழி ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் செய்த மாதிரியை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் வாசிக்க வேண்டும் என்பதற்காக 1990களில் தொடங்கிய முயற்சி அது. ஐஎஃப்சி என்று பெயர். பில்டிங்ஸ்மார்ட் என்ற சர்வதேச அமைப்பு அதைப் பராமரிக்கிறது. ஐஎஸ்ஓ 16739 என்பது அதன் தர இலக்கம்.

‘பதிலிப் பொருள்’ என்ற பெட்டி

ஐஎஃப்சி கட்டடங்களுக்காகப் பிறந்த மொழி. ஆகவே நீண்ட காலம் அதில் பாதைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் சொந்த வகை இருக்கவில்லை. பாலத்தை மாதிரியில் போட விரும்பிய பொறியியலாளர் அதைக் கட்டடம் என்று பொய் சொல்ல வேண்டும். அல்லது ‘பதிலிப் பொருள்’ என்ற பொதுப் பெட்டிக்குள் போட வேண்டும். வகை தெரியாத எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். அந்தப் பெட்டிக்குள் போன பொருள் திரையில் தெரியும், உருவம் சரியாகவே இருக்கும். ஆனால் ‘எல்லாப் பாலங்களையும் காட்டு’ என்று கணினியைக் கேட்டால் அது வராது. பராமரிப்புப் பட்டியலிலும் செலவுக் கணக்கிலும் வராது.

2024இல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்த 4.3ஆம் பதிப்பில்தான் பாதை, ரயில்பாதை, பாலம், துறைமுக வசதி ஆகியவற்றுக்குத் தனித்தனி வகைகள் கிடைத்தன. சுரங்கப்பாதைகளை முழுமையாகச் சேர்க்கும் வேலை அடுத்த பதிப்புக்குத் தள்ளப்பட்டது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் ஓடத் தொடங்கி நூற்றாண்டு கடந்துவிட்டது. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். உலகத் தரத்தின் அகராதி இப்போதுதான் அந்தச் சுரங்கத்தை எட்டிக்கொண்டிருக்கிறது.

4.3 இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. கட்டடத்துக்குள் ஒரு பொருளின் இடத்தைச் சொல்ல மாடியும் அறையும் போதும். பாதை நீளமானது, அதற்கு மாடி இல்லை. எனவே தொடக்கப் புள்ளியிலிருந்து எத்தனை மீற்றர் தூரத்தில், மையக் கோட்டுக்கு இடமா வலமா என்று சொல்லும் முறை சேர்க்கப்பட்டது. கேட்கப் புதிது போல இருக்கும். ஏ9 வீதியில் கிளிநொச்சிக்காரர் ‘155ஆம் கட்டையில் இறங்கு’ என்று சொல்வது இதே முறைதான். எங்கள் சனம் கட்டைக் கணக்கில் ஊரைச் சொல்லிப் பழகியிருக்கிறது.

ஒரு பொருளை ஒரே ஒரு வகையில் அடைக்க வேண்டியதில்லை என்பதும் இந்தத் துறை கண்ட பாடம். பிரித்தானியாவின் யுனிகிளாஸ் முறையில் தனித்தனி அட்டவணைகள் உண்டு: முழுக் கட்டடத் தொகுதி, தனிக் கட்டுமானம், அங்கே நடக்கும் செயல், இடம், உறுப்பு, அமைப்பு, கடையில் வாங்கும் பொருள் என்று. ஒரே இடத்தை இடம் என்ற அட்டவணையிலும் செயல் என்ற அட்டவணையிலும் குறிக்கலாம். இந்த நெகிழ்வு மலையகத்துக்கு முக்கியமானது. ஏனென்றால் அங்கே ஒரு பொருள் அநேகமாக ஒரே ஒரு அட்டவணையில் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது: தோட்டத்தின் சொத்து என்ற அட்டவணையில்.

லயத்தை மாதிரியில் வைத்தால்

ஒரு லயத்தை ஐஎஃப்சி ஒழுங்கில் வைத்துப் பார்ப்போம். நிலம்: தோட்டத்தின் ஒரு டிவிசன். கட்டடம்: லயம். அதற்குள் பன்னிரண்டு அறைகள். 10 அடிக்கு 12 அடி என்று பழைய காம்பராவின் அளவைச் சொல்வார்கள். முன்னால் இஸ்தோப்பு. பின்னால் குடும்பத்தார் தங்கள் காசில் தகரமும் பலகையும் வைத்துக் கூட்டிக் கட்டிய குசினி.

முதல் சிக்கல் கூரை. பகுதி ஒழுங்கின்படி கூரை முழுக் கட்டடத்துக்கும் சொந்தம். மூன்றாம் காம்பராவின் மேல் தகரம் துருப்பிடித்து ஒழுகினால் அந்தக் குடும்பம் தன் பங்குக்கு மட்டும் புதுத் தகரம் போடலாம். ஆனால் மரமும் சட்டமும் அடுத்த காம்பராவோடு ஒன்று. லயத்தில் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்காமல் வரிசையாகப் பரவுவதும் இதனால்தான்.

இரண்டாவது சிக்கல் அந்தக் குசினி. அதை லயத்தின் பகுதி என்று போடுவதா, தனிக் கட்டுமானம் என்று போடுவதா? தோட்ட நிர்வாகத்தின் பார்வையில் அது அனுமதியில்லாத கட்டுமானம். குடும்பத்தின் பார்வையில் அது பத்து வருடச் சேமிப்பு. மாதிரியில் அது இல்லாவிட்டால் மண்சரிவில் போன பிறகு அதற்கு நட்டம் எழுத இடமில்லை.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். ‘கட்டடத்துக்குள் அறை’ என்று எழுதினால் பன்னிரண்டு குடும்பங்களும் ஒரே முகவரிக்குள் போய்விடுகின்றன. ‘ஒரே கூரையைப் பகிரும் பன்னிரண்டு வீடுகள்’ என்று எழுதினால் பன்னிரண்டு வாசலுக்கும் இலக்கம் கொடுக்கலாம். இரண்டையும் ஐஎஃப்சி அனுமதிக்கிறது. எதை எழுதுவது என்பது மென்பொருள் எடுக்கும் முடிவு அல்ல.

2015க்குப் பின் மலையகத்தில் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை வந்தது. இந்தியா தந்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்கை மையமாகக் கொண்டவை, 4,000 மலையகத்துக்கு. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 550 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, குசினி, மலசலகூடம். தனி வீட்டின் பெறுமதி அளவில் மட்டும் இல்லை. ஒரு கூரை, ஒரு வாசல், ஒரு காணித்துண்டு, ஒரு குடும்பம் என்று எல்லா அட்டவணையிலும் ஒரே வரியாக வரக்கூடியது அது. லயத்தில் தொடர்ந்து இருப்பவர்களுக்கு அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை.

பாதை: வாக்குப் போடலாம், கல் போட முடியாது

இலங்கையின் வீதிகளுக்கு வகை உண்டு. ஏ, பி வகை தேசிய வீதிகள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகை மாகாணத்துடையவை. ஊர்ப் பாதைகள் பிரதேச சபைக்கு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் வீதி ஏ7. அந்த வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதை எந்த வகை?

அது தோட்டப் பாதை. கொழுந்து லொறி போவதற்காகத் தோட்டம் வெட்டியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. இந்தக் கைமாற்றங்களில் பாதையும் தோட்டத்தின் சொத்தாகவே கூடப் போனது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம்; அந்த உறுப்பினர் அவர்களுடைய பாதைக்கு ஒரு பறை கல் போட முடியாது.

2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவாகின. பெரிய மாற்றங்கள். இருந்தும் பாதை ஓடும் நிலம் குத்தகை எல்லைக்குள்தான் இருக்கிறது. சட்டம் ‘செலவிடலாம்’ என்று சொல்கிறது. எந்தப் பாதை என்று காட்டும் பட்டியலில் அந்தப் பாதை ஏற வேண்டும்.

உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் விவசாய, காட்டு வேலைக்கான பாதைக்கு ஒரு வகை. குடியிருப்புப் பாதைக்கு இன்னொரு வகை. தோட்டப் பாதையை முதலாவதில் போடுவது இயல்பாகத் தோன்றும், சுற்றிவரத் தேயிலைதானே. ஆனால் வாகனத்துக்கு வழி காட்டும் மென்பொருட்கள் பல விவசாயப் பாதையைத் தவிர்க்கும், அல்லது கடைசித் தெரிவாக வைக்கும். அந்தப் பாதையில் பள்ளிக்கூட வேன் போகிறது, பிள்ளைப்பேற்றுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு முச்சக்கரவண்டி போகிறது, சவ ஊர்வலம் போகிறது. கொழுந்தின் கண்ணால் பார்த்தால் விவசாயப் பாதை. குடும்பத்தின் கண்ணால் பார்த்தால் ஊர்ப் பாதை. யாருடைய கண்ணால் பார்ப்பது என்பதைத்தான் வகைப்படுத்தல் தீர்மானிக்கிறது.

கான்: யாரும் வரையாத உட்கட்டமைப்பு

மலையகத்தின் மிகப் பெரிய உட்கட்டமைப்பு எது என்று கேட்டால் நான் கானைச் சொல்வேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மலைச் சரிவைக் குறுக்காக வெட்டி, மழைத் தண்ணீரை மெதுவாக இறக்கி ஆற்றில் சேர்க்கும் வாய்க்கால்கள். கான் வெட்டுவது தோட்டத்து ஆண்களின் கடினமான வேலைகளில் ஒன்று. பார்க்க ஒரு முழக் குழிதான். ஆனால் அது அடைபட்டால் தண்ணீர் சரிவுக்குள் இறங்கும், மண் கனக்கும், அடியில் உள்ள லயத்தின் மேல் வரும்.

கான் ஒரு வலையமைப்பு. மேல் மலையின் கான் அடைத்தால் கீழ் மலை பாதிக்கப்படும். இரண்டும் வெவ்வேறு டிவிசனில், சில வேளை வெவ்வேறு கம்பனியின் கீழ் இருக்கலாம். ‘இது எதன் பகுதி’ என்ற கேள்வி இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டதாகிறது. கானை ஒரு நம்பர் மலையின் பகுதியாக மட்டும் எழுதினால், தேயிலை கைவிடப்பட்டு மலை காடாகும்போது கானும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். தண்ணீர் ஓடும் அமைப்பின் பகுதியாக எழுதினால், தேயிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பட்டியலில் நிற்கும். ஐஎஃப்சி 4.3 இதற்கு வழி வைத்திருக்கிறது: ஒரே வாய்க்காலை நிலத்தின் பகுதியாகவும், வடிகால் அமைப்பொன்றின் உறுப்பாகவும் காட்டலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, வரைபடம் இருந்தது. போவதற்கு அந்த மக்களுக்குச் சொந்தமான வேறு ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. சரிந்த பின் முதல் நாட்களில் எத்தனை பேர் மண்ணுக்குள் என்ற எண்ணிக்கையே நாளுக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. ஆபத்தான சரிவு ஒரு அட்டவணையில், லயம் இன்னொரு அட்டவணையில், குடும்பம் மூன்றாவது அட்டவணையில் இருந்தன. மூன்றையும் கோர்க்கும் நூல் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது அதே கேள்வி திரும்பி வந்தது. வீட்டை இழந்தவருக்கு உதவி என்றால், லயத்தை இழந்தவர் எதை இழந்தவர்? வீட்டையா, கம்பனியின் அறையையா?

வன்னிக்குத் தெரிந்த கதை

இந்தக் கட்டுரையை முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இருந்து வாசிப்பவருக்கு இது அந்நியமாக இருக்காது. மீள்குடியேற்றத்தின்போது ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்ற இரண்டு பெட்டிகளுக்குள் எங்கள் வீடுகள் பிரிக்கப்பட்டன. கூரை போய்ச் சுவர் நின்றால் எந்தப் பெட்டி? ஒரு வளவுக்குள் அம்மாவின் வீடும் மகளின் கொட்டிலும் இருந்தால் ஒன்றா இரண்டா? பதில் எழுதியவரின் பேனாவில்தான் வீடு இருந்தது.

வன்னியில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத்தின் பிள்ளைகள் என்பதையும் மறக்கக் கூடாது. 1977, 1983 வன்செயல்களில் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். போரின் இறுதிவரை எல்லோரோடும் சேர்ந்து இடம்பெயர்ந்தவர்கள். திரும்பி வந்தபோது காணிப் பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டப் பட்டியலில் ஏற முடியாமல் நின்ற குடும்பங்கள் அவர்களுக்குள் அதிகம். லயத்தில் ‘குடியிருப்பாளர்’, காட்டில் ‘அத்துமீறியவர்’, முகாமில் ‘இடம்பெயர்ந்தவர்’. ஒவ்வொரு பட்டியலிலும் பெயர் இருந்தது. ‘வீட்டுக்காரர்’ என்ற பட்டியலைத் தவிர. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1964இல் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இதே வேலையின் மிகக் கொடிய வடிவங்கள். மனிதர் வகையாக்கப்பட்டு, வகை எண்ணாக்கப்பட்டது.

பதிவு எல்லாம் நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. வவுனியாவில் பாஸ் எடுத்து வாழ்ந்தவர்களிடம், 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களிடம், ‘உங்கள் வீட்டை முழுமையாகப் பதிவு செய்கிறோம்’ என்று சொன்னால் முதலில் வருவது பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாதிரியில் எந்த வாசலில் யார் என்று எழுதினால், அதை யார் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம், பிழை இருந்தால் யார் திருத்தலாம் என்பதும் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது கேள்வி

எது எதன் பகுதி, எது என்ன வகை. கட்டடத் தகவல் மாதிரியின் இந்த இரண்டு கேள்விகளோடு மூன்றாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இதில் யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன பொறுப்பு?

இதற்கும் சர்வதேசத் தரம் இருக்கிறது. 2012இல் வந்த ஐஎஸ்ஓ 19152, காணி நிர்வாகத்துக்கான தரவு மாதிரி. மனிதர், நிலத்துண்டு, இரண்டையும் இணைக்கும் உரிமை–கட்டுப்பாடு–பொறுப்பு என்ற அமைப்பு அதனுடையது. அதன் வழியில் ஐ.நா. குடியிருப்புத் திட்டத்தின் கீழ் இயங்கும் உலகக் காணிக் கருவிகள் வலையமைப்பு இன்னொரு எளிய மாதிரியைச் செய்தது. உறுதி, பத்திரம் இல்லாதவர்களின் இருப்பையும் பதிவு செய்வதே அதன் நோக்கம். ‘இந்தக் குடும்பம் இந்த இடத்தில் மூன்று தலைமுறையாக வாழ்கிறது’ என்பதையும் அது ஒரு வகை உறவாக ஏற்றுக்கொள்ளும். உகண்டாவின் எம்பாலே நகரில் சேரிக் குடியிருப்பாளர்களே தங்கள் வீடுகளை எண்ணி இந்த முறையில் பதிவு செய்தார்கள். மென்பொருள் இலவசம்.

மலையகத்தில் இதைத் தொடங்க அரசாங்கத்தின் பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு டிவிசனை எடுக்கலாம். அங்கே உள்ள பொருட்களை அங்கே வழங்கும் பெயரிலேயே எழுதலாம்: லயம், காம்பரா, இஸ்தோப்பு, பீலி, கான், கொழுந்து மடுவம், பிள்ளைமடுவம், தவறணை, கோயில், மயானத்துப் பாதை. பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு நடத்தும் இணைய அகராதியில் வெவ்வேறு நாடுகளும் நிறுவனங்களும் தங்கள் வகைப்பெயர்களை வெளியிட்டு ஐஎஃப்சியோடு இணைக்கின்றன. ‘பீலி’ என்ற வகை அதில் இல்லாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. பீலி என்றால் வெறும் குழாய் என்று நினைக்கும் பொறியியலாளர் அதைக் குழாய் வகையில் போடுவார். எத்தனை குடும்பம் அதில் தண்ணீர் பிடிக்கிறது, கோடையில் எத்தனை மாதம் வற்றுகிறது, ஊற்று இருக்கும் மலை யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்ற மூன்று விபரத்தையும் கேட்டு எழுதினால்தான் அது பீலி.

பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து பத்தி கொண்ட ஒரு அட்டவணை. பெயர், இடம், எதன் பகுதி, யார் பாவிக்கிறார்கள், யார் பொறுப்பு. கைத்தொலைபேசியில் இடத்தைக் குறிக்கலாம். வாசல்களுக்கு இலக்கம் கொடுக்கலாம். பாதைக்கு மக்கள் கூப்பிடும் பெயரை எழுதலாம். குடும்பத்தின் பெயர் பொது வரைபடத்துக்குப் போகக் கூடாது. அது அந்தக் குடும்பத்தின் கையிலும், மக்கள் தாங்களே தெரிவு செய்த குழுவின் கையிலும் இருக்க வேண்டும். வளைகுடாவில் இந்த வேலையைத் தினமும் செய்யும் எங்கள் பிள்ளைகள் ஒரு வார இறுதியில் இதைச் சொல்லிக்கொடுத்து விடலாம்.

அட்டவணையை நிரப்பத் தொடங்கியதும் ஒன்று தெரியவரும். முதல் நான்கு பத்திகளையும் லயத்து மக்கள் நிமிடத்தில் நிரப்புவார்கள். எந்தக் கான் எங்கே அடைக்கும், எந்தக் கூரை எந்த மழையில் ஒழுகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்தாவது பத்தி, ‘யார் பொறுப்பு’, வெறுமையாக நிற்கும். கம்பனி பிரதேச சபையைக் காட்டும். பிரதேச சபை பிரதேச செயலகத்தைக் காட்டும். செயலகம் மறுபடி கம்பனியைக் காட்டும்.

அந்த வெற்றிடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு சபைக் கூட்டத்துக்குப் போகலாம். ‘எங்கள் பாதையைத் திருத்தித் தாருங்கள்’ என்ற மனுவுக்குப் பதில் சொல்லாமல் நாளைக் கடத்தலாம். ‘இன்ன பாதை, இத்தனை மீற்றர், இத்தனை வாசல், பொறுப்பு என்ற இடத்தில் எந்தப் பெயரை எழுதுவது?’ என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.